சட்டப் பட்டம் படித்த பள்ளி ஆசிரியருக்கு உயர் ரேங்க் கிடைக்குமா?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் எவ்வளவு என்பதை அறிய, அவருடைய பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு, வெளியிடும் சம்பள அட்டவணையைப் பார்த்தால் போதும். இடது ஓரத்தில் பணியாண்டுகள் மேலிருந்து கீழாக இறங்கி வரும். தலைப்பு வரிசையில் ரேங்க் 3, ரேங்க் 2, ரேங்க் 1 என்று எழுதியிருக்கும். தன் பணியாண்டு எந்த வரிசையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தித் தன் ரேங்குக்கு நேரே நிறுத்தினால், அங்குள்ள எண்தான் அவருடைய ஆண்டுச் சம்பளம். ஆண்டு கூடக்கூட விரல் தானாகவே கீழே இறங்கும். ஆனால் பக்கத்துக் கட்டத்துக்கு அது தானாக நகராது. அதற்கு மேற்படிப்பு வேண்டும். மாநிலத்திலுள்ள 171 பள்ளி மாவட்டங்களிலும் தொகை வேறுபடலாம். ரேங்க் என்ற அடிப்படை மட்டும் எல்லோருக்கும் பொது.

இந்த நிலையில், பணியில் இருந்துகொண்டே சட்டக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கிய ஆசிரியர் ஒருவர், “மூன்றாண்டுப் பட்ட மேற்படிப்பை முடித்திருக்கிறேன், எனக்கு ஏன் உயர் ரேங்க் தரக்கூடாது?” என்று கேட்பது இயல்பு. நம் ஊர் ஆசிரியர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதும் அல்ல. எந்த மேற்படிப்புக்கு ஊக்க ஊதிய உயர்வு உண்டு, எதற்குக் கிடையாது என்று ஆசிரியர் அறைகளில் நடக்கும் விவாதத்தின் கென்டக்கி வடிவம்தான் இது. சுருக்கமான பதில்: சட்டப் பட்டம் என்பதற்காக மட்டும் ரேங்க் தானாக உயர்வதில்லை. ஆனால் அது பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. அந்த ஆசிரியர் இப்போது எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து, அதே பட்டத்தைப் பற்றி எழும் கேள்வியே மாறிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் என்பது, இன்ன பாடத்தை இன்ன வகுப்புகளுக்குக் கற்பிக்கலாம் என்று மாநிலம் தரும் அனுமதி. ரேங்க் என்பது, அந்தச் சான்றிதழை வைத்திருப்பவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதைச் சம்பளத்துக்காக வகைப்படுத்தும் அளவுகோல். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கச் சான்றிதழ் பெற்ற ஒருவர் ரேங்க் 3-இலிருந்து ரேங்க் 1-க்கு உயர்ந்தாலும், அதனால் மட்டும் இயற்பியல் வகுப்பு எடுக்கும் தகுதி அவருக்கு வந்துவிடாது. அதுபோலவே, எவ்வளவு பெரிய வழக்கறிஞராக இருந்தாலும் ஆசிரியர் சான்றிதழ் இல்லாதவருக்கு இந்த மூன்று ரேங்குகளில் எதுவும் பொருந்தாது.

ரேங்குகளை வரையறுப்பது கென்டக்கி சட்டத் தொகுப்பின் 161.1211 என்ற பிரிவு. முறையான சான்றிதழும் ஏற்பளிக்கப்பட்ட நான்காண்டுக் கல்லூரிப் பட்டமும் உடையவர் ரேங்க் 3. முறையான சான்றிதழோடு, மாநிலத்தின் கல்வித் தொழில்முறைத் தர வாரியம் ஏற்கும் பாடத்துறையில் முதுகலைப் பட்டமோ அதற்கு ஈடான தொடர்கல்வியோ முடித்தவர் ரேங்க் 2. ரேங்க் 2-க்கான தகுதிகளை நிறைவு செய்து, அதற்கு மேல் ஏற்பளிக்கப்பட்ட பட்ட மேற்படிப்பில் 30 செமஸ்டர் மணிகளோ அதற்கு ஈடான தொடர்கல்வியோ முடித்தவர் ரேங்க் 1. செமஸ்டர் மணி என்பது படிப்பை அளக்கும் அலகு. வாரம் மூன்று மணி நேரம் வீதம் ஒரு பருவம் முழுவதும் நடக்கும் பாடம் பெரும்பாலும் மூன்று செமஸ்டர் மணியாகக் கணக்கிடப்படும். ரேங்க் 4, ரேங்க் 5 என்று இரண்டு படிகள் சட்டத்தில் இருந்தாலும், அவை பட்டம் முடிக்காமல் அவசரச் சான்றிதழோடு பணிக்கு வந்தவர்களுக்கானவை. நம் கேள்விக்கு அவை தேவையில்லை.

இந்த வரையறைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: ஏற்பு. முதுகலைப் பட்டம் என்று மட்டும் சொல்லிச் சட்டம் நிறுத்திக்கொள்ளவில்லை, வாரியம் ஏற்கும் பாடத்துறையில் என்கிறது. 30 மணி மேற்படிப்பு என்று மட்டும் சொல்லவில்லை, ஏற்பளிக்கப்பட்ட மேற்படிப்பு என்கிறது. எவ்வளவு படித்தார் என்பதோடு எதைப் படித்தார் என்பதையும் சேர்த்தே ரேங்க் அளக்கிறது. சட்டப் பட்டத்தைப் பற்றிய சிக்கல் முழுவதும் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இனி அமெரிக்கச் சட்டப் பட்டம் என்ன வகையான பட்டம் என்று பார்ப்போம். அதன் பெயர் ஜூரிஸ் டாக்டர், பேச்சில் ஜே.டி. ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் முடித்தவர், அதற்குப் பிறகு முழுநேரமாக மூன்றாண்டு படித்துப் பெறுவது இது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஏற்பு பெற்ற சட்டக் கல்லூரியில் பட்டம் பெறக் குறைந்தது 83 மணிகள் படித்தாக வேண்டும். இந்தியாவிலும் ஒரு பட்டம் முடித்த பிறகு மூன்றாண்டு சட்டம் படிக்கும் வழி உண்டு. ஆனால் இங்கே அதற்கு இளநிலைப் பட்டம் என்றுதான் பெயர். அமெரிக்காவிலும் முன்பு அப்படியே இருந்தது. 1960களில்தான் சட்டக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எல்.எல்.பி. என்ற பெயரை விட்டு ஜே.டி.க்கு மாறின. அந்தப் பெயர் மாற்றம் ஒரு வேடிக்கையான வரிசையை உண்டாக்கிவிட்டது: அங்கே சட்டத்தில் டாக்டர் பட்டம் முதலில் வருகிறது, அதற்குப் பிறகுதான் எல்.எல்.எம். என்ற முதுகலைப் பட்டம். ஆகவே, “நான் டாக்டர் பட்டமே வைத்திருக்கிறேன், முதுகலை எம்மாத்திரம்” என்று பெயரை வைத்து வாதிடுவது பலமான வாதம் அல்ல.

பெயரை விட்டுவிட்டுப் பாரத்தை வைத்து வாதிடலாம் என்றால், அதற்கு ஓர் ஆதரவு உண்டு. ஜே.டி. பட்டத்துக்கு இளநிலைக்குப் பிறகு 84 முதல் 90 மணிகள் வரையும், பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் 60 மணிகளும் ஓர் ஆய்வேடும் தேவைப்படுவதால், கல்வித்துறை வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை இரண்டையும் இணையாகக் கருத வேண்டும் என்று வழக்கறிஞர் சங்கத்தின் சட்டக் கல்விக் குழு ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. ரேங்க் கேட்கும் ஆசிரியருக்கு இதைக் கண்டவுடன் உற்சாகம் வரும். ஆனால் அது ஒரு தொழில்முறைச் சங்கம் தன் தொழிலின் பட்டத்தைப் பற்றிச் சொல்லும் கருத்து. சட்டப் பேராசிரியர்களைப் பணியமர்த்தும் பல்கலைக்கழகங்களுக்கு அது பயன்படலாம், மாநிலச் சட்டத்தின்படி ரேங்க் வழங்கும் வாரியத்தை அது கட்டுப்படுத்தாது. விண்ணப்பத்தோடு இணைக்கலாம், தவறில்லை. அதையே நம்பி இருக்கக் கூடாது.

இப்போது படிகளுக்கு வருவோம். கென்டக்கியின் வடகோடியில், ஓஹியோ ஆற்றுக்கு இக்கரையில், ஹைலண்ட் ஹைட்ஸ் என்ற ஊரில் வடக்கு கென்டக்கிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் சேஸ் சட்டக் கல்லூரி 1893-இல் ஆற்றின் அக்கரையில், சின்சினாட்டியில், மாலை நேரச் சட்டப் பள்ளியாகத் தொடங்கியது. பகலில் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டம் கற்பிப்பது அதன் பழைய மரபு. அருகிலுள்ள பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கும் இரண்டு ஆசிரியர்கள், பள்ளி முடிந்ததும் மாலையில் அங்கே போய்ப் படித்து ஜே.டி. வாங்கினார்கள் என்று கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் இளநிலைப் பட்டத்தோடு ரேங்க் 3-இல் இருப்பவர். இரண்டாமவர் ஏற்கெனவே கல்வியியலில் முதுகலை முடித்து ரேங்க் 2-இல் இருப்பவர். இருவர் கையிலும் ஒரே பட்டம், ஒரே மதிப்பெண் பட்டியல்.

முதலாமவர் ரேங்க் 2-க்கு விண்ணப்பித்தால் வாரியத்தின் முன் நிற்கும் கேள்வி: இந்த ஜே.டி. பட்டம், ஏற்பளிக்கப்பட்ட பாடத்துறையில் பெற்ற முதுகலைப் பட்டத்துக்குச் சமமா? இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஜே.டி. என்பது முதுகலை என்ற வகைக்குள் வருமா என்பது ஒன்று; சட்டம் என்பது பள்ளி ஆசிரியருக்கு ஏற்ற பாடத்துறையா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் கதவு திறக்கும். ஒரு பட்டத்தை முழுமையாக எடுத்துவைத்து மதிப்பிட வேண்டியிருப்பதால், இங்கே பாதி ஆம், பாதி இல்லை என்ற பேச்சுக்கு இடம் குறைவு.

இரண்டாமவரின் நிலை வேறு. அவர் ரேங்க் 1 கேட்கிறார். முதுகலை என்ற படியை முன்பே தாண்டிவிட்டார். அவரிடம் சட்டம் கேட்பது இன்னொரு பட்டத்தை அல்ல, 30 மணி மேற்படிப்பை. ஆகவே ஜே.டி.க்கு என்ன பெயர், அது முதுகலையா டாக்டர் பட்டமா என்ற சர்ச்சையே அவருக்கு எழாது. அவர் படித்த எண்பதுக்கும் மேற்பட்ட மணிகளில், ஏற்கத்தக்கவை 30 தேறுமா என்பதுதான் கேள்வி. அதைப் பாடம் பாடமாகப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. என் கணிப்பில், சட்டப் பட்டத்தை வைத்து ரேங்க் கேட்பவர்களில் வலுவான நிலையில் இருப்பவர் இவர்தான்.

முதலாமவர் நேராக ரேங்க் 1-க்குத் தாவலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். எண்பது மணி என்பது முதுகலைக்கு வேண்டிய முப்பது சொச்சத்தையும், அதற்கு மேல் வேண்டிய முப்பதையும் ஒன்றாகக் கூட்டினாலும் மிஞ்சும் அல்லவா? கணக்கு சரிதான், ஆனால் சட்டம் கூட்டல் கணக்காக எழுதப்படவில்லை, படிக்கட்டாக எழுதப்பட்டிருக்கிறது. ரேங்க் 2-க்கான தகுதியை நிறைவு செய்தவர் என்ற நிபந்தனை ரேங்க் 1-இன் வரையறைக்குள்ளேயே இருப்பதால், முதல் படியில் கால் பதியாதவருக்கு இரண்டாம் படியைப் பற்றிய பேச்சே எழாது.

மதிப்பெண் பட்டியலை ஒருமுறை விரித்துப் பார்ப்போம். அமெரிக்கச் சட்டக் கல்லூரியின் முதலாண்டு எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்: ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், சொத்துச் சட்டம், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் சட்டம், சட்ட எழுத்து. பிற்பாடு அரசியலமைப்புச் சட்டம், சாட்சியச் சட்டம், நிறுவனச் சட்டம், வரிச் சட்டம் எனத் தொடரும். விருப்பப் பாடமாகக் கல்விச் சட்டம், குடும்பச் சட்டம், சிறார் நீதி ஆகியவை கிடைக்கலாம். இவற்றில் அரசியலமைப்புச் சட்டத்தைக் குடிமையியல் ஆசிரியருக்குப் பயன்படாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்விச் சட்டமும் அப்படியே; பள்ளி முதல்வர் பணிக்கான பயிற்சிகளில் பள்ளிச் சட்டம் என்றே ஒரு பாடம் வழக்கமாக இருக்கும். சிறப்புக் குழந்தைகளுக்கான தனிநபர் கல்வித் திட்டக் கூட்டத்தில் உட்காரும் ஆசிரியருக்கு, அந்தக் கூட்டத்தையே கட்டாயமாக்கிய 1975-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தைப் படித்திருப்பது வெறும் அலங்காரம் அல்ல. மாணவரின் பையை எப்போது சோதனை செய்யலாம் என்பதை நிர்ணயித்தது 1985-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் நிறுவன வரிச் சட்டத்தின் மூன்று மணியை ஏழாம் வகுப்பு கணித ஆசிரியர் காட்டினால், அதற்கு வாதாடுவது கடினம். வாதாடக் கற்றவர் என்றாலும் கூட.

ஆகவே பொருத்தம் என்பது பட்டத்தில் மட்டும் இல்லை, அதைக் கொண்டுவருபவரின் பாடத்திலும் இருக்கிறது. அதே ஜே.டி. சமூக அறிவியல் ஆசிரியர் கையில் ஒரு பலம், வேதியியல் ஆசிரியர் கையில் வேறு பலம். ஜார்ஜியா மாநிலத்தில் இந்த எண்ணம் இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. அங்கே சான்றிதழே டி-4 முதல் டி-7 வரை படிநிலையாக வழங்கப்படுகிறது: இளநிலைக்கு 4, முதுகலைக்கு 5, சிறப்புப் பட்டத்துக்கு 6, முனைவருக்கு 7. ஆனால் உயர் பட்டம், ஆசிரியர் சான்றிதழ் வைத்திருக்கும் துறையோடோ அவர் சேர்த்துக்கொள்ளத்தக்க துறையோடோ தொடர்புடையதாக இருக்க வேண்டும். எந்தப் பட்டமானாலும் சம்பளம் உயரும் என்ற நிலை அங்கே இல்லை.

கென்டக்கியில் சட்டத்துக்கும் பள்ளிக்கும் தொடர்பில்லை என்று வாதிடுபவர் சற்று வரலாறு படிக்க வேண்டியிருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பள்ளி வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிட வேண்டும் என்ற கென்டக்கிச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் ரத்து செய்தது. 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம், பள்ளிகளுக்கு இடையே நிலவிய ஏற்றத்தாழ்வைக் காரணம் காட்டி, மாநிலத்தின் பொதுப்பள்ளி அமைப்பு முழுவதுமே அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக வந்ததே 1990-ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம். ஆசிரியர் சான்றிதழையும் ரேங்கையும் கவனிக்கும் வாரியம் உருவானதும் அந்தச் சட்டத்தால்தான். சட்டப் படிப்பு ஆசிரியருக்குப் பொருத்தமா என்று முடிவு செய்யும் அமைப்பே ஒரு வழக்கின் வழிப்பேரன் என்பது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும்.

சம்பளத்தைப் படிப்போடு கட்டிப்போடும் இந்த முறை ஏன் வந்தது என்று தெரிந்தால், அதன் விறைப்பும் புரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில், தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் பெண்களே கற்பித்தார்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைவிட அவர்களுக்குச் சம்பளம் குறைவு. 1921-இல் டென்வர், டி மாயின் ஆகிய நகரங்கள், எந்த வகுப்புக்குக் கற்பித்தாலும், ஆணோ பெண்ணோ, படிப்பும் அனுபவமும் சமமானால் சம்பளமும் சமம் என்ற ஒற்றை அட்டவணையைக் கொண்டுவந்தன. பிறகு நாடெங்கும் அது பரவியது. அதிகாரியின் தயவுக்கு இடமில்லாதபடி செய்வதுதான் அந்த அட்டவணையின் நோக்கம். அதனால்தான், “இவர் மிகவும் கெட்டிக்காரர், சட்டமெல்லாம் படித்திருக்கிறார்” என்று ஒரு தலைமையாசிரியர் மனமுவந்து சொன்னாலும், அட்டவணையில் அதற்கென ஒரு கட்டம் கிடையாது.

அதே சமயம், பட்டத்துக்குச் சம்பளம் தரும் வழக்கத்தையே கேள்வி கேட்பவர்களும் உண்டு. ஆசிரியரின் முதுகலைப் பட்டத்துக்கும் மாணவர்களின் தேர்ச்சிக்கும் பொதுவாகத் தெளிவான தொடர்பு தென்படவில்லை என்பது பல ஆய்வுகளின் முடிவு. பாடத்தோடு நேரடியாகப் பொருந்தும் பட்டங்களில், குறிப்பாக உயர்நிலைக் கணிதத்தில், ஓரளவு பயன் தெரிகிறது. வட கரோலினா 2013-இல் முதுகலைக்கான கூடுதல் சம்பளத்தைப் புதிதாகப் பெறுவதை நிறுத்த முடிவெடுத்தது. கென்டக்கியிலும், பணியில் நீடிக்க மேற்படிப்பு கட்டாயம் என்றிருந்த பழைய விதி 2018-இல் நீக்கப்பட்டது. இப்போது ரேங்க் உயர்வு என்பது விரும்பியவர் தேடிக்கொள்வது. இந்தப் பின்னணியில், பாடத்துக்குப் பொருந்தாத பட்டங்களுக்கும் ரேங்க் தாருங்கள் என்ற கோரிக்கை காற்றுக்கு எதிராகத்தான் நடக்க வேண்டியிருக்கும்.

ரேங்குக்காக மட்டும் சட்டம் படிக்கலாமா என்று யாரேனும் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு ரேங்க் உயர்வால் கிடைப்பது ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர். மூன்றாண்டுச் சட்டப் படிப்பின் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. முதுகலைக் கல்வியியல் படிப்பு அதன் பாதிக்கும் குறைவான மணிகளில் முடிந்துவிடும், அதன் ஏற்பைப் பற்றிய சந்தேகமும் பெரும்பாலும் எழாது. பல்கலைக்கழகம் பக்கமே போக விரும்பாதவருக்கு வேறொரு வழியும் உண்டு: 1987-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆசிரியர் தர வாரியத்தின் சான்றிதழ். பாட அறிவுத் தேர்வு ஒன்றும், வகுப்பறைக் காணொளி, மாணவர் வேலைகள் முதலியவற்றைக் கொண்டு தயாரிக்கும் தொகுப்புகளுமாக நான்கு பகுதிகள் கொண்டது அது. 161.1211 பிரிவு அதை வெளிப்படையாகவே பெயர் சொல்லி ஏற்கிறது. ரேங்க் 3-இல் உள்ளவரை 2-க்கும், 2-க்கான தகுதி உடையவரை 1-க்கும் அது உயர்த்தும்.

ஏற்கெனவே ஜே.டி. வைத்திருப்பவர் செய்ய வேண்டியது வேறு. தலைமையாசிரியரிடமோ, மாவட்ட அலுவலகத்தில் சம்பளம் பார்ப்பவரிடமோ வாய்மொழியாகக் கேட்டு, “கிடைக்கும் என்று நினைக்கிறேன்” என்ற பதிலோடு திரும்பிவிடக் கூடாது. மாவட்டம் சம்பளம் தருகிறது. ரேங்க் தருவது மாநிலம். சட்டக் கல்லூரியிலிருந்து நேரடியாக அனுப்பப்படும் மதிப்பெண் பட்டியல், பொருத்தமானவை என்று தான் கருதும் பாடங்களின் விவர அட்டவணை, ஒவ்வொன்றும் தன் சான்றிதழின் பாடத்தோடு எப்படித் தொடர்புடையது என்று இரண்டு மூன்று வரிகளில் ஒரு விளக்கம், இவற்றோடு எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அரசியலமைப்புச் சட்டம், 4 மணி என்று மட்டும் எழுதினால் படிப்பவர் நகர்ந்துவிடுவார். அந்தப் பாடத்தில் பள்ளி மாணவரின் பேச்சுரிமை பற்றிய தீர்ப்புகள் எத்தனை வாரம் நடத்தப்பட்டன என்று எழுதினால் நிறுத்திப் படிப்பார். இன்னும் படிப்பில் சேராதவர் என்றால், இதே கேள்வியை முதல் பருவக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

எதிர்த்திசையில் வருபவர்களும் உண்டு: வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியராக விரும்புபவர்கள். அவர்களுக்கு ரேங்க் இரண்டாவது கவலை, சான்றிதழ்தான் முதல் கவலை. கென்டக்கியில் சான்றிதழ் பெறுவதற்கு மாற்று வழிகள் பல உள்ளன. அவற்றில் ஆறாவது வழி எனப்படுவது, பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்து, படித்துக்கொண்டே வகுப்பறையில் சம்பளத்தோடு கற்பிக்க இடம் தருகிறது. அந்தத் திட்டம் பெரும்பாலும் கற்பித்தலில் முதுகலைப் பட்டத்தோடு முடிவதால், சான்றிதழ் வாங்கப் போன வழக்கறிஞர் ரேங்க் 2-க்கான பட்டத்தையும் அதே கையோடு வாங்கி வந்துவிடுகிறார். அப்போது அவருடைய ஜே.டி. பட்டமும், நம் இரண்டாவது ஆசிரியரின் பட்டத்தைப் போலவே, அந்த 30 மணிக்கான கேள்வியாக மட்டும் மிஞ்சும்.